வெட்டிவிட்ட பச்சை ஒயர்

"வீட்ல ஆம்பளைங்க யாரும் இல்லியா?" என்று பிளம்பர் புகழேந்தி கேட்டபோது, அமிர்தவள்ளியின் வீட்டுக்காரர் காசிநாதன் அதே ஹாலில், பத்தடி தூரத்தில், நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் நிஷா அனுப்பி வைத்த பிரஷர் பம்பு அட்டைப் பெட்டியிலிருந்து வெளியே வந்து தரையில் கிடந்தது. கூட வந்த படம் போட்ட தாளை அமிர்தவள்ளி இரண்டு நாளாகப் படித்திருந்தாள். அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், எர்த் கட்டாயம் வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். அதைத்தான் புகழேந்தியிடம் கேட்டாள். அதற்குத்தான் அவன் அப்படிக் கேட்டான்.

காசிநாதன் தலையைத் தூக்கினார். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் தோல் பதனிடுகிற ஷாப்பில் டிரம்மிலிருந்து தோலை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது அப்படியே சாய்ந்தவர். அன்றிலிருந்து வலது கையும் காலும் வரவில்லை. பேச்சு உண்டு, ஆனால் ஒரு சொல் வெளியே வருவதற்குள் எதிரில் இருப்பவர் அடுத்த வேலைக்குப் போய்விடுவார். அன்றும் அப்படித்தான் ஆனது. "நா... ன்..." என்று அவர் ஆரம்பிப்பதற்குள் புகழேந்தி பம்பைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறிவிட்டான்.

அமிர்தவள்ளிக்குக் காது மடல் சூடேறியது. ஆனாலும் வேலை ஆக வேண்டும் என்று பேசாமல் அவன் பின்னாலேயே போனாள்.

பம்பு வாங்கியதே காசிநாதனுக்காகத்தான். மேல்விஷாரத்தில் அக்தரி பேகத்தின் வீட்டு முதல் மாடியில் அவர்கள் பதினாலு வருஷமாகக் குடியிருக்கிறார்கள். தண்ணீர் டேங்க் பாத்ரூம் கூரை மேலேயே உட்கார்ந்திருக்கிறது. அவ்வளவு பக்கத்தில் இருந்தால் தண்ணீர் வேகமாக வராது. ஷவரைத் திறந்தால் நூல் நூலாக ஒழுகும். காலை ஏழு மணிக்கு அவள் வேலை பார்க்கிற ஷூ கம்பெனியின் பஸ். அதற்குள் காசிநாதனை நாற்காலியோடு பாத்ரூமில் உட்கார வைத்து, சொட்டுச் சொட்டாக வாளி நிறையக் காத்திருந்து, மொண்டு ஊற்றிக் குளிப்பாட்டுவதற்குள் அவளுக்கு இடுப்பு விட்டுப்போகும். அதைக் கேள்விப்பட்டுத்தான் நிஷா கையில் பிடிக்கிற ஷவரும் பம்பும் வாங்கி அனுப்பினாள்.

மாடியில் புகழேந்தி மடமடவென்று வேலை பார்த்தான். கை வேகமான ஆள், அதில் குறை சொல்ல முடியாது. டேங்கிலிருந்து இறங்கும் பைப்பை அறுத்தான். நடுவில் பம்பை வைத்து, நிப்பிள் என்கிற இரும்பு இணைப்புத் துண்டு போட்டு, வீட்டின் பழைய ஜி.ஐ. இரும்புப் பைப்போடு சேர்த்தான். கரண்ட் இல்லாதபோது தண்ணீர் சும்மா இறங்கி வரட்டும் என்று பம்புக்குப் பக்கத்திலேயே சுற்றுவழியாக ஒரு பைப் போட்டு அதில் ஒரு வால்வும் வைத்தான். ஒயரை பாத்ரூம் லைட்டிலிருந்து இழுத்தான்.

"லைட் ஒயர்ல எர்த் இருக்குதா தம்பி?" என்றாள் அமிர்தவள்ளி.

"எல்லாம் இருக்குது. நீங்க கீழ போய் டீ போடுங்க."

அவள் டீ போடப் போனாள். அந்த ஒரு விஷயத்துக்காகப் பின்னால் தன்னையே எவ்வளவு திட்டிக்கொண்டாள் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

பம்பு ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. குழாயை மூடினாலும் நிற்கவில்லை, ஷவரிலும் பழையபடி நூல்தான். புகழேந்தி பம்பைத் தட்டிப் பார்த்தான், காதை வைத்துக் கேட்டான். "ஏர் லாக், உள்ள காத்து மாட்டிக்கிச்சி. நாளைக்குத் தானா சரியாய்டும். இல்லன்னா பம்பே டூப்ளிகேட்டு. ஆன்லைன்ல வாங்கினா இப்டித்தான்" என்று சொல்லிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

அவன் போன பிறகு அமிர்தவள்ளி மாடியில் குந்தி உட்கார்ந்து பைப்புகளைப் பார்த்தாள். மெஷினைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த கண் அது. கம்பெனியில் அவள் இருபத்தாறு வருஷமாக ஷூவின் மேல்தோல் தைக்கிற லைனில் இருக்கிறாள். கலவை என்கிற ஊருக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பத்தொன்பது வயசில் கல்யாணமாகி வந்து, நூல் வெட்டுகிற ஹெல்ப்பராகச் சேர்ந்தவள். ஒருநாள் அவசர ஆர்டர் ஓடும்போது மெக்கானிக் லீவு. தையல் விட்டுவிட்டு விழுகிற மெஷினை அவளே மூடி கழற்றி, அடியில் சுற்றுகிற ஹுக்கும் ஊசியும் சந்திக்கிற நேரத்தைச் சரிபண்ணி ஓடவிட்டாள். அன்றிலிருந்து லைனில் எந்த மெஷின் மக்கர் பண்ணினாலும் "அமிர்தாவக் கூப்புடு" என்பார்கள்.

பைப்பில் தண்ணீர் போகும் வழியை விரலால் காற்றில் வரைந்து பார்த்தாள். டேங்கிலிருந்து பம்புக்குள். பம்பிலிருந்து வெளியே. வெளியே வந்த தண்ணீருக்குக் கீழே போவதைவிடப் பக்கத்தில் திறந்து கிடக்கிற சுற்றுவழி சுலபம். அதில் புகுந்து மறுபடியும் பம்பு வாய்க்கே வந்துவிடுகிறது. பம்பு ஒரே தண்ணீரைத் தட்டாமாலை சுற்ற வைத்துக்கொண்டிருக்கிறது. ஏர் லாக்கும் இல்லை, டூப்ளிகேட்டும் இல்லை. அவள் அந்த வால்வை இறுக்கி மூடினாள். பம்பின் சத்தம் உடனே மாறியது. கீழே போய் ஷவரைத் திறந்தாள். சுவரில் போய் அடித்தது தண்ணீர். மூடியதும் பம்பு தானாக நின்றது.

காசிநாதன் நாற்காலியிலிருந்து பார்த்துச் சிரித்தார். அவளும் சிரித்தாள். அந்தச் சந்தோஷத்தில் ஒயரைப் பார்க்க மறந்தாள்.

மறுநாள் திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குக் காசிநாதனை பாத்ரூமுக்குக் கூட்டிப்போனாள். வெந்நீர் வேண்டாத புரட்டாசி வெயில் காலம். ஷவரைப் பிடித்துத் தலையில் விட்டபோது அவர் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்து தண்ணீரை வாங்கினார். ரெண்டு வருஷத்தில் அவர் முகத்தில் அவள் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. முதுகுக்குச் சோப்புப் போட்டு முடித்து, "எழுந்திருங்க" என்று துண்டை எடுக்கத் திரும்பினாள். அவர் எழுவதற்குப் பிடிமானமாக இடது கையால் குழாயைப் பிடித்தார்.

தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. அவள் திரும்பிப் பார்த்தபோது அவர் உடம்பு முழுக்க விறைத்திருந்தது. கை குழாயை விடவில்லை. கண் மட்டும் அவளைப் பார்த்தது.

தொடக்கூடாது என்று அவளுக்குத் தெரியும். தொடத்தான் கை போனது. அதை இழுத்துக்கொண்டு நாலே எட்டில் ஹாலுக்கு ஓடி மெயினைக் கீழே தள்ளினாள். பாத்ரூமில் பிளாஸ்டிக் நாற்காலி சாய்கிற சத்தம் கேட்டது.

விழுந்ததில் அவருக்குத் தோளில் அடி. உள்ளங்கையில் சிவப்பாக ஒரு கோடு. சத்தம் கேட்டு ஓடிவந்த அக்தரி பேகம்தான் ஆட்டோ பிடித்தாள். ஆஸ்பத்திரியில் இதயத்தைப் பரிசோதித்துவிட்டு, "நேரத்துல ஆஃப் பண்ணீங்க, தப்பிச்சார்" என்று டாக்டர் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் காசிநாதன் பாத்ரூம் பக்கம் திரும்ப மாட்டேன் என்று தலையை ஆட்டினார். சிறுநீர் கழிக்கக்கூட. அறுபது வயதை நெருங்குகிற மனுஷன், ஆட்டுத்தோல் மாட்டுத்தோல் என்று ஆள் உயரக் குவியலை ஒத்தை ஆளாகப் புரட்டியவர், அந்தக் கதவைப் பார்த்ததும் அழுதார்.

அமிர்தவள்ளி அழவில்லை. கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, டெஸ்டரை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். பம்பிலிருந்து வந்த ஒயரும் லைட்டிலிருந்து இழுத்த ஒயரும் சேர்கிற இடத்தில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. அந்த ஜாயின்ட் பம்புக்கு அடியிலேயே, நிப்பிளில் கசிந்து தேங்கிய தண்ணீரில் நனைந்து கிடந்தது. கீழே போய் மெயினை ஒரு நிமிஷம் போட்டுவிட்டு வந்து, டெஸ்டரை பைப்பில் வைத்தாள். டெஸ்டர் விளக்கு எரிந்தது. மறுபடியும் மெயினை இறக்கிவிட்டு வந்து டேப்பைப் பிரித்தாள். உள்ளே சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று. பம்பின் ஒயரில் மூன்றாவதாக இருந்த பச்சை ஒயர், கரண்ட் கசிந்தால் அதை மண்ணுக்குக் கொண்டுபோக வேண்டிய எர்த் ஒயர், அரை அங்குலத்தில் கத்தரிக்கப்பட்டு மடக்கி விடப்பட்டிருந்தது. லைட்டில் எர்த்தே கிடையாது. சேர்க்க இடமில்லாததை வெட்டிவிட்டிருக்கிறான்.

மறந்து விட்டதல்ல. அளந்து வெட்டியது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

போன் போட்டாள். முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாம் தடவை, "சைட்ல இருக்கேன், ரெண்டு நாள் ஆவும்" என்றான். பின்னணியில் டீக்கடை ரேடியோ கேட்டது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சத்தார் பாயின் ஹார்டுவேர் கடை வாசலில்தான் அவன் எப்போதும் உட்கார்ந்திருப்பான் என்று அவளுக்குத் தெரியும். நடந்தே போனாள். ஐந்தாறு ஆண்கள் நின்றிருந்தார்கள். அவனும் இருந்தான்.

"வா" என்றாள்.

"இன்னாம்மா, தண்ணி வரலியா?"

"தண்ணி வருது. நீ வா."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவன் சிரித்துச் சமாளித்திருப்பான். சத்தார் பாய் அவள் முகத்தைப் பார்த்தார். "போய்ட்டு வாப்பா புகழ்" என்றார்.

பாத்ரூம் வாசலில் அவனை நிறுத்தினாள். மெயினைப் போட்டாள். தரையில் தண்ணீர் இன்னும் காயவில்லை.

"செருப்பக் கழட்டிட்டு உள்ள போ. அந்தக் கொழாயப் புடி."

புகழேந்தி குழாயைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். ஹாலில் கட்டிலில் கிடந்த காசிநாதனைப் பார்த்தான்.

"மொதல்ல மெயின ஆஃப் பண்ணுங்க, நான் பாக்கறேன்."

"ஏன் ஆஃப் பண்ணணும்? எல்லாம் இருக்குதுன்னு சொன்னியே. புடி."

அவன் நகரவில்லை.

"அப்ப ஒனக்குத் தெரியும்" என்றாள் அமிர்தவள்ளி. "தெரியாம செஞ்சிருந்தா இப்பப் போய்ப் புடிச்சிருப்ப. தெரிஞ்சுதான் வெட்டிவிட்ட. அவரு கை அதுல ஒட்டிக்கினு இருந்தத நான் பாத்தேன். ஒரு வார்த்த, லைட்ல எர்த் இல்லம்மா, வேற ஒயர் இழுக்கணும்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் இன்னா வேணாம்னா சொல்லியிருப்பேன்?"

"எல்லா வூட்லயும் இப்டித்தாம்மா போடறோம். ஜாஸ்தி வேலை சொன்னா யாரும் ஒத்துக்க மாட்டேங்குறாங்க. இதுவரிக்கும் ஒண்ணும் ஆனதில்ல."

"எல்லா வூட்லயுமா?"

தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. "சரி, நான் சரிபண்ணிக் குடுத்துடறேன்" என்று பையைத் திறக்கப் போனான். "என் வூட்ல நீ எதையும் தொடாத" என்று அவள் கதவைத் திறந்துவிட்டாள்.

அவன் படியிறங்கும்போது கட்டிலிலிருந்து காசிநாதன் பேசினார். "ஆம்... பள... இங்க... இருக்கான்." சொல்லி முடிக்கும்போது புகழேந்தி தெருவுக்கே போய்விட்டான். ஆனாலும் அவர் முழுசாகச் சொல்லி முடித்தார். அமிர்தவள்ளி அதுவரை காத்திருந்தாள்.

மறுநாள் சாயங்காலம் ஷிப்டு முடிந்து டேனியல் வந்தான். அவளுடைய கம்பெனி மெக்கானிக். மீட்டர் போர்டிலிருந்து எர்த் இழுக்க வேண்டும், மீட்டர் போர்டில் கை வைத்து அவளுக்குப் பழக்கமில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அவளுக்கு வெட்கம் இல்லை. அவளே கூப்பிட்டாள். நல்ல பையன், மரியாதையானவன். புது பச்சை ஒயரும், கரண்ட் கசிந்தால் தானாகவே விழுகிற டிரிப் சுவிட்சும் வாங்கிக்கொண்டு வந்திருந்தான். அக்தரி பேகம் கீழே நின்று, "ஒயர் எங்க வேணும்னாலும் போகட்டும், செவுத்தப் பத்திக் கவலப்படாத. மொதல்லயே நான் பாத்திருக்கணும், என் வூடுதான இது" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

டேனியல் ஏணியில் நின்று ஒயர் அடிக்க, அமிர்தவள்ளி கீழிருந்து கிளிப் எடுத்துக் கொடுத்தாள்.

"நீங்களே எல்லாத்தையும் கண்டுபுடிச்சிட்டீங்களேக்கா" என்றான் அவன். "அந்த பிளம்பருக்கு உங்க மூளையில பாதி இருந்தா போதும்."

அவன் நல்லெண்ணத்தில்தான் சொன்னான். ஆனால் இரண்டு நாளாக அடக்கி வைத்திருந்தது அந்த இடத்தில் பிய்த்துக்கொண்டது.

"இத மேனேஜர்கிட்ட என்னைக்காவது சொல்லியிருக்கியா டேனியலு?"

"இன்னாக்கா?"

"மெக்கானிக் வேல காலியா இருக்குது, என்னப் போடுங்கன்னு நான் போய்க் கேட்டேன். லேடீஸுக்கு எப்டிம்மா மெக்கானிக் வேலன்னு சிரிச்சாரு. அடுத்த மாசம் நீ ஐ.டி.ஐ. முடிச்சிட்டு வந்த. ஷூ தைக்கிற போஸ்ட் மெஷின் ஒனக்குப் பிரிக்கத் தெரியாது. யாரு சொல்லிக் குடுத்தா?"

"நீங்கதான்."

"இன்னிக்கும் எத்தன மெஷின நான் சரிபண்றேன், எத்தன மெஷின நீ சரிபண்ணதா எழுதுற?"

டேனியல் ஏணியிலேயே நின்றான். "அப்ப நான் புதுசுக்கா. பயமா இருந்துச்சி."

"ஒம்பது வருஷமாவா புதுசு?"

அவன் கீழே கை நீட்டி அடுத்த கிளிப்பை வாங்கினான். மீதி கிளிப்புகளையும் அடித்தான். வேலையைச் சுத்தமாக முடித்தான். டிரிப் சுவிட்சை மூன்று தடவை விழ வைத்துக் காட்டினான். போகும்போது, "நான் மேனேஜர்கிட்ட பேசறேங்க்கா" என்றான். பேசினானா என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. லைனில் ஒன்றும் மாறவில்லை. ஒன்று மட்டும், மெஷின் நின்றால் அவள் இப்போது எழுந்து போவதில்லை. "மெக்கானிக்கக் கூப்புடுங்க" என்று சொல்லிவிட்டுத் தன் தையலைப் பார்க்கிறாள். அதற்குச் சூப்பர்வைசர் பேஜாராகிறார். ஆகட்டும் என்று இருக்கிறாள்.

ஆனால் புகழேந்தி சொன்ன 'எல்லா வூட்லயும்' அவளை விடவில்லை. பஸ்ஸில் போகும்போதும் தைக்கும்போதும் அதுவே ஓடியது. வெள்ளிக்கிழமை சத்தார் பாய் கடைக்குப் போனாள். இந்த ரெண்டு மாதத்தில் அவன் எந்தெந்த வீட்டுக்குப் பம்பு மாட்டினான் என்று கேட்டாள். அவர் முதலில் மழுப்பினார்.

"நமக்கு எதுக்கும்மா வம்பு. அவன் பொழப்பும் இருக்குதில்ல."

"எங்க வூட்டுக்காரரு பொழைச்சது நான் வூட்ல இருந்ததால பாய். நான் பஸ்ஸு ஏறியிருந்தா?"

அவர் கல்லாப்பெட்டியை மூடினார். பிறகு நாலு வீடு சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை டெஸ்டரை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினாள். முதல் வீட்டில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. அங்கே கரண்ட் வேலையை வேறு எலக்ட்ரீஷியன் செய்திருந்தார். இரண்டாவது வீட்டில் முபஷ்ஷிரா என்ற சின்ன வயசுப் பெண், இடுப்பில் ஒரு குழந்தையும் காலடியில் ஒரு குழந்தையுமாக மாடியைக் காட்டினாள். பச்சை ஒயர் அங்கேயும் கத்தரிக்கப்பட்டிருந்தது. டெஸ்டர் எரியவில்லை. "ஒண்ணும் இல்லல்ல அக்கா?" என்றாள் அந்தப் பெண். "ஒயரு இன்னும் நனையல, அவ்ளோதாம்மா" என்றாள் அமிர்தவள்ளி. முபஷ்ஷிரா பிளக்கைப் பிடுங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டாள். மூன்றாவது வீட்டிலும் அதே கதை.

நாலாவது, ஆபீசராக இருந்து ரிட்டயரான கோவிந்தசாமியின் வீடு. பெரிய கேட். அவர் கேட்டைத் திறக்காமலே கேட்டார்.

"யாரும்மா நீ? எந்த ஆபீஸ்?"

"எந்த ஆபீஸும் இல்ல சார். ஷூ கம்பெனில டெய்லரு. உங்க வூட்டு பம்புக்கு எர்த் இருக்குதான்னு பாத்துட்டுப் போய்டறேன்."

"டெய்லருக்கு பம்புல இன்னா வேல? எங்க வீட்ல எல்லாம் கரெக்டா இருக்குது. கெளம்பு."

அவர் திரும்பி நடந்தார். ஒரு வாரத்தில் அவள் கேட்டதற்கு இப்படி முதுகைக் காட்டுகிற இரண்டாவது ஆண். அமிர்தவள்ளி கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தெருவே திரும்பிப் பார்க்கிற குரலில் சொன்னாள்.

"என்ன உள்ள வுட வேணாம் சார். நீங்களே மாடிக்குப் போய்ப் பாருங்க. டேப்பு சுத்தின எடத்துல பச்ச ஒயரு வெட்டி மடக்கியிருக்குதான்னு பாருங்க. பாக்கற வரிக்கும் உங்க வூட்டுப் பொம்பளைங்களக் கொழாயத் தொட வுடாதீங்க. எங்க வூட்ல ஒரு ஆளு செத்துப் பொழைச்சாரு. அதச் சொல்லத்தான் வந்தேன். சொல்லிட்டேன்."

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. கோவிந்தசாமி படியில் நின்றுவிட்டார். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் அவரிடம் ஏதோ கேட்டது, அவர் அடக்கமாக ஏதோ சொன்னார். கொஞ்ச நேரத்தில் மாடியில் ஓடிக்கொண்டிருந்த மோட்டார் சத்தம் நின்றது. அவர் மறுபடி வெளியே வரவில்லை. அமிர்தவள்ளி இன்னும் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு நடந்தாள்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மதியம் ஆகிவிட்டது. காசிநாதன் குளிக்காமல் உட்கார்ந்திருந்தார். ஆறு நாளாக ஈரத்துணியால்தான் துடைத்துவிடுகிறாள். பாத்ரூம் கதவைத் திறந்து வைத்து, அவர் கண் முன்னால் வெறுங்காலோடு நின்று குழாயைப் பிடித்துக் காட்டும் வேலையையும் தினமும் செய்கிறாள். அவர் பார்ப்பார், தலையை ஆட்டுவார். அன்றும் ஆட்டினார்.

"நாளைக்குப் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவள் அரிசி களைய உட்கார்ந்தாள். கை அரிசியைப் போட்டு நசுக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார்.

"இன்... னும்... கோவமா?"

"ஆமா."

"யார்... மேல?"

அவள் யோசித்துப் பார்த்தாள். புகழேந்தி, மேனேஜர், டேனியல், கேட்டைத் திறக்காத அந்த மனுஷன், டீ போடப் போன தான். ஒரு ஆளோடு முடிகிற கணக்காகத் தெரியவில்லை.

"சாப்புட்டுட்டு சொல்றேன்" என்றாள். அடுப்பைப் பற்ற வைத்தாள்.